அக்காவின் காற்று மெசின்

எங்கள் தீவில், கரம்பொன் ஊரில், தண்ணீர்ப் பம்பு எரிந்தாலும் மின்விசிறி நின்றாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். பொம்பிளை மோட்டருக்குக் கம்பி சுற்றுகிறாள் என்று ஒரு காலத்தில் சிரித்தவர்களின் பிள்ளைகளும் இப்போது படலையைத் திறந்துகொண்டு வருகிறார்கள். நான் இதை எங்கும் படித்துச் சான்றிதழ் வாங்கவில்லை. யுத்தம் நடந்த பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோலையும் பற்றரியையும் செப்புக்கம்பியையும் ஊருக்குள் வர விடாமல் மறித்திருந்தபோது, வேறு வழியில்லாமல் பழகியது. அந்தக் காலத்தைப் பற்றி யாராவது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேசினால் எனக்கு இப்போது எரிச்சல்தான் வருகிறது. "ஒண்டுமில்லாத நேரத்திலையே எல்லாத்தையும் செய்து காட்டின சனம் நாங்கள்" என்பார்கள். ஊரில் இந்த வசனத்தை அதிகம் சொல்லித் திரிந்தவளே நான்தான்.

அப்போது நாங்கள் தீவில் இல்லை. இடம்பெயர்ந்து போய், யாழ்ப்பாணத்தில் யாரோ ஒருவருடைய வீட்டின் பின்விறாந்தையில் இருந்தோம். அக்கா பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் படிப்பித்தார். நான் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்க வைத்தேன். எரிந்த மோட்டர்களின் கம்பியை உரித்து வேறு மோட்டர்களுக்குச் சுற்றினேன். எதற்கும் உரிய சாமான் கிடைக்காது. அதனால் எந்தச் சாமானிலும் எழுதியிருந்ததை நாங்கள் மதிக்கவில்லை. பெற்றோலுக்குச் செய்த மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். திறக்கக் கூடாது என்று ஒட்டியிருந்தால் அதைத்தான் முதலில் திறந்தோம். எனக்கு அது பழக்கமாகிவிட்டது. என் கை தொட்டால் எதுவும் ஓடும் என்று அக்கா நம்பத் தொடங்கியதும் அந்த விறாந்தையில்தான்.

ஊருக்குத் திரும்பி வந்து இத்தனை வருடமாகியும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். அவரும் கலியாணம் செய்யவில்லை, நானும் செய்யவில்லை. தம்பி ஒருவன் கனடாவில். அக்கா பென்சன் எடுத்த பிறகு மெல்ல மெல்ல இளைக்கத் தொடங்கினார். முதலில் கோயிலடி வரை நடக்க மூச்சு வாங்கியது. பிறகு கிணற்றடி வரை. பிறகு குசினியிலிருந்து முன்னுக்கு வருவதற்கே இரண்டு இடத்தில் கதிரை வேண்டியிருந்தது. நுரையீரல் காய்ந்துகொண்டு போகிற வருத்தம் என்று யாழ்ப்பாணத்து டொக்டர் சொன்னார். குணமாகாது, ஆனால் வீட்டில் ஒட்சிசன் கொடுத்தால் இருக்கிற காலத்தை ஆக்கினைப்படாமல் கொண்டுபோகலாம் என்றார். மூக்கில் ரியூப் மாட்டி, சுற்றியிருக்கும் காற்றிலிருந்தே ஒட்சிசனைப் பிரித்துத் தருகிற மெசின் இருக்கிறதாம். யாழ்ப்பாணத்திலேயே வாடகைக்கு எடுக்கலாம் என்று ஒரு விலாசமும் தந்தார். "எந்த மெசின் எண்டாலும் ஒருக்கா இஞ்சை கொண்டுவந்து காட்டிப்போட்டுப் பாவியுங்கோ" என்று வாசல் வரை வந்து சொன்னார்.

நான் அந்த விலாசத்துக்குப் போகவில்லை. தம்பி அதற்குள் கனடாவிலிருந்து ஒரு மெசினைக் கப்பலில் போட்டுவிட்டான். பாவித்ததுதான், ஆனால் நல்ல சாமான், அங்கே ஆஸ்பத்திரிகளில் வைத்திருக்கிறதாம். கனடாச் சாமான் இருக்கும்போது யாழ்ப்பாணத்தில் யாரிடமோ போய் வாடகைக்கு நிற்பதா என்று எனக்குள் ஒரு எடுப்பு.

மெசின் ஒரு சின்ன அலுமாரி அளவில், நாலு சில்லுகளோடு வந்து இறங்கியது. எங்கள் தீவுகளில் கனடாச் சாமானை நேரே கரண்டில் குத்தி எரிக்காத வீடு குறைவு. அங்கே நூற்றுப்பத்து வோல்ற், இங்கே இருநூற்று முப்பது. சோறு சமைக்கிற சட்டியும் தலைமயிர் காய வைக்கிற மெசினும் வந்த அன்றே புகைத்து முடிந்த கதைகள் எல்லாரிடமும் உண்டு. அந்தப் பிழையை நான் விடமாட்டேன் என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை. கரண்டை நூற்றுப்பத்துக்கு இறக்குகிற ட்ரான்ஸ்போமர் ஒன்றை நானே சுற்றுவது என்று முடிவு செய்தேன். கடையில் விற்கிறதுகள் பொம்மைச் சாமான், இரவு பகலாக ஓடுகிற மெசினைத் தாங்காது என்று அக்காவுக்கு விளக்கம் வேறு சொன்னேன்.

நாலு நாள் கம்பி சுற்றினேன். எரிந்துபோன வெல்டிங் பிளாண்ட் ஒன்றின் இரும்புத் தகடுகள் என்னிடம் கிடந்தன. அக்கா சாய்மனைக்கதிரையில் இருந்தபடி எத்தனை சுற்று என்று எண்ணினார். வாய்விட்டு எண்ண மூச்சுக் காணாது. அதனால் ஒரு கொப்பியில் பத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தார். எனக்கு எண்ணிக்கை தவறினால் கையைத் தூக்கிக் காட்டுவார், நான் நிற்பேன். என் வாழ்க்கையில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான். அந்த நாலு நாளும் நான் சந்தோசமாக இருந்தேன் என்பதை மறைக்க ஏலாது.

இடையில் ஒரு முறை அக்கா குனிந்து மெசினின் பின்பக்கத் தகட்டை வாசித்தார். "உதிலை அறுபது எண்டும் ஒண்டு எழுதிக் கிடக்கு. அதென்னடி?" என்றார்.

"கரண்ட் செக்கனுக்கு எத்தினை தரம் துடிக்குது எண்ட கணக்கு அக்கா. அங்கை அறுபது, எங்கடை ஐம்பது. அது பெரிய விசயமில்லை."

"நீ சொன்னாச் சரி" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தார்.

மோட்டர் சுற்றுகிறவளுக்கு அந்த அறுபது தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். அறுபதுக்குச் செய்த மோட்டர் ஐம்பதில் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும். கனடாவிலிருந்து வந்த மின்விசிறிகள் எங்கள் ஊரில் கொஞ்சம் சோம்பலாகத்தான் சுற்றும். அதனால் யாரும் செத்ததில்லை. அந்தத் துணிவில்தான் சொன்னேன்.

ட்ரான்ஸ்போமரைக் கொழுவி மெசினைப் போட்ட அன்று அது ஒரு பெருமூச்சு விட்டு ஓடத் தொடங்கியது. அக்காவின் மூக்கில் ரியூபை மாட்டினேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தவர், "குளிராய் வருது" என்று சொல்லிச் சிரித்தார். அன்று பின்னேரம் எழும்பித் தானே தேத்தண்ணி போட்டார். நான் கிணற்றடிக்குப் போய் நின்று அழுதேன், சந்தோசத்தில்தான்.

மூன்றாம் கிழமையோ நாலாம் கிழமையோ மெசின் கத்தத் தொடங்கியது. விட்டு விட்டு ஒரு கீச்சுச் சத்தம். அதோடு முன்பக்கத்தில் பச்சையாக எரிந்த லைற் மஞ்சளாக மாறியது. அணைத்து ஆற விட்டுப் போட்டால் கொஞ்ச நேரம் பச்சை, பிறகு மஞ்சள், பிறகு கீச்சு. அக்கா மெசினோடு வந்த புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார். இங்கிலிஷிலும் பிரெஞ்சிலும் எழுதிய தடித்த புத்தகம். பக்கங்களைத் தட்டிப் பார்த்து, விரலை வைத்துக்கொண்டு சொன்னார்.

"மஞ்சள் எண்டால் ஒக்சிசன் காணாதாம். வித்த ஆளுக்கு உடனை அறிவிக்கட்டாம்."

"வித்த ஆளைத் தேடிக் கனடாவுக்குப் போறதே? அது அவையின்ரை கரண்டுக்கு எழுதினது அக்கா. எங்கடை கரண்ட் ஏறி இறங்குறதைக் கண்டு அது பயப்பிடுது. காத்து வருதுதானே?"

அக்கா ரியூபைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "காத்து வருது" என்றார்.

"பேந்தென்ன?"

அவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு எழுத்துப் பிழை திருத்தின மனுசி, தன் கண்ணால் வாசித்ததை விட என் வாய்ச்சொல்லை நம்பினார். அதை நினைக்கும்போது எனக்கு என்னிலேயே அருவருப்பு வருகிறது. கொஞ்சம் சண்டை பிடித்திருந்தால் என்ன? அவருக்குச் சண்டை பிடிக்கிற மூச்சு இருக்கவில்லை.

கீச்சுச் சத்தத்தால் அக்காவுக்கு நித்திரை இல்லாமல் போனது. மெசினைத் திறந்தேன். அதன் ஆணிகளின் தலை நட்சத்திரம் போல வெட்டியிருந்தது, எங்கள் ஸ்குரூ றைவர் எதுவும் பிடிக்காது. திறக்க வேண்டாம் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். நான் ஒரு குடைக்கம்பியை அரத்தால் ராவி அந்த வடிவத்துக்குக் கொண்டுவந்து திறந்தேன். உள்ளே எல்லாம் வடிவாக அடுக்கியிருந்தது. ஒரு மூலையில் சின்ன வட்டமாகச் சத்தம் போடுகிற பொருள், இரண்டு வயர். ஒன்றைக் குறட்டால் நறுக்கினேன். கீச்சு நின்றது. அக்கா அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினார். மஞ்சள் மட்டும் எரிந்துகொண்டு இருந்தது, அது என்னை ஒன்றும் செய்யவில்லை.

அந்த மெசினைச் செய்தவனைப் பற்றி நான் இப்போது அடிக்கடி யோசிக்கிறேன். அவன் எனக்காகச் செய்யவில்லை. கரண்ட் ஒரே சீராக வருகிற ஊருக்கு, தொலைபேசி எடுத்தால் வீட்டுக்கு ஆள் வருகிற ஊருக்குச் செய்தான். எங்களைப் போன்ற ஒரு வீட்டுக்கு அது போய்ச் சேரும் என்று அவனுக்கு நினைப்பே இருந்திருக்காது. ஆனாலும், வருத்தக்காரருக்கு மூச்சு முட்டும்போது அவருக்காக மெசின் கத்த வேண்டும் என்று நினைத்து அந்த இரண்டு வயரையும் வைத்தானே. என் அக்காவுக்காகப் பேச இருந்த ஒரே வாய் அதுதான்.

இந்த நேரத்தில்தான் தம்பி வீடியோ கேட்டான். "சின்னக்கா, எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு வடிவா விளங்கப்படுத்தி ஒண்டு எடுத்து அனுப்புங்கோ. இஞ்சை கனபேர் ஊருக்கு உந்த மெசின் அனுப்ப நிக்கினம்." பக்கத்து வீட்டுப் பிள்ளை தொலைபேசியைப் பிடித்தாள். நான் சேலையை மாற்றிக்கொண்டு வந்து, ட்ரான்ஸ்போமர் சுற்றிய விதம், குடைக்கம்பி, எந்த வயரை நறுக்கவேண்டும், எல்லாவற்றையும் பள்ளிக்கூடத்து ரீச்சர் மாதிரிச் சொன்னேன். கடைசியில் அக்காவைக் காட்டினாள். அக்கா ரியூபோடு சிரித்து, "நல்லாக் கிடக்கு" என்று சொன்னார். தம்பி அதை அங்கே ஊர்ச் சங்கத்து ஆட்களுக்கெல்லாம் அனுப்பினான். ஒரு கிழமைக்குள் எனக்கு லண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் தெரியாதவர்கள் தொலைபேசி எடுத்து வாழ்த்தினார்கள்.

அதற்குப் பிறகு அக்கா நாளுக்கு நாள் அமைதியானார். எழும்பித் திரிந்தவர் பிறகு எழும்பவில்லை. சாப்பாட்டை ஊட்டிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகிவிடும். வருத்தம் முற்றுகிறது, ஆனால் நோவில்லாமல் தூங்குகிறார், மெசின் காப்பாற்றுகிறது என்று நான் ஊருக்குச் சொன்னேன். ஒரு காலை அவருடைய நகங்கள் நாவற்பழ நிறத்தில் இருப்பதைக் கண்டேன். கூப்பிட்டேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், ஆனால் என்னை ஆரென்று தெரியவில்லை.

அம்புலன்சில் அக்காவோடு மெசினையும் ட்ரான்ஸ்போமரையும் ஏற்றினேன். அதில் இருந்தால்தான் மூச்சு வரும் என்று அடம்பிடித்தேன். ஆஸ்பத்திரியில் விரலில் எதையோ மாட்டிப் பார்த்த தாதி அந்த நிமிடமே ஓடத் தொடங்கினார். அவர்களுடைய ஒட்சிசனைக் கொடுத்த பிறகு அக்காவின் உதடு கொஞ்சம் சிவந்தது. இரண்டு மணித்தியாலம் கழித்து என்னை அடையாளம் கண்டு, "பம்புக்கு ஆள் வந்ததே?" என்று கேட்டார். அவ்வளவு தெளிவாக அவர் பேசி ஒரு மாதமாகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் கருவிகளைப் பார்க்கிற உத்தியோகத்தர் ஒருவர் என் மெசினை ஒரு மீற்றரோடு கொழுவிப் பார்த்தார். நல்ல மனுசன், திட்டவில்லை. "அம்மா, வோல்றை இறக்கினது சரி. நல்ல வேலை. ஆனா இது அறுபதுக்குச் செய்தது. ஐம்பதிலை மோட்டர் மெதுவாத்தான் சுத்தும். வெக்கையும் ஏறும், அமுக்கமும் காணாது. காத்து வந்திருக்கும், ஒக்சிசன் போதியளவு வந்திராது. மெசின் கத்தியிருக்குமே?"

"கத்தினது" என்றேன்.

"பேந்து?"

நான் மூடியைக் காட்டினேன். அவர் மூடியைத் திறந்து, நறுக்கிய வயரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் மூடியைப் பூட்டினார்.

அக்கா அங்கே ஆறு நாள் இருந்தார். ஏழாம் நாள் முற்பகல், நான் கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தபோது போய்விட்டார். எப்படியும் கனகாலம் இருந்திருக்க மாட்டார் என்று டொக்டர் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னதுதான். எவ்வளவு காலம் என்று திருப்பிக் கேட்டேன். அது சொல்ல ஏலாது என்றார். ஒரு வருடமாக இருந்தாலும் இருந்திருக்கும், ஒரு மாதமாக இருந்தாலும் இருந்திருக்கும். அந்தக் காலம் எவ்வளவாக இருந்தாலும் அதை எடுத்தவள் நான்தான்.

செத்தவீடு முடிந்து இரண்டாம் நாள் தம்பிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். வீடியோவை எடுத்துவிடு, எல்லாருக்கும் சொல்லு என்றேன். அவன் அழுதான். பிறகு, "சின்னக்கா, உங்களை நீங்களே குற்றம் சொல்லாதேங்கோ. அறுபதோ ஐம்பதோ, அவ மூண்டு மாதம் அந்த மெசினிலைதானே இருந்தவ. அதைப் பாத்து எத்தினை பேர் கண்ணீர் விட்டவை தெரியுமே?" என்றான். மெசினை அனுப்பியவன் அவன். அவனுக்கும் அந்த உண்மையைத் தூக்க ஏலாது, எனக்கு விளங்கியது. அதற்காக அவனை மன்னித்தேன் என்றில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அச்சடித்து வந்தது. செத்தவரின் படமும் வம்சமும் வாழ்க்கை வரலாறும் புலம்பல் பாட்டும் போட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற புத்தகம். தம்பி அங்கிருந்தே எழுதி, யாழ்ப்பாணத்தில் அச்சடிப்பித்திருந்தான். நடுப்பக்கத்தில் அக்கா ரியூபோடு சிரிக்கிற படம், பக்கத்தில் என் ட்ரான்ஸ்போமர். கீழே, தங்கை தன் கையால் செய்த கருவியினால் தமக்கைக்கு மூச்சுக் கொடுத்தாள் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் ஒவ்வொருவராக என் கையைப் பிடித்து அந்தப் பக்கத்தைத் தட்டிக் காட்டினார்கள். இரண்டு பேரிடம் உண்மையைச் சொன்னேன். துக்கத்தில் பிசத்துகிறாள் என்ற முகத்தோடு முதுகைத் தடவிவிட்டுப் போனார்கள். பிறகு நான் சொல்லவில்லை. கொஞ்ச நாள் கழித்து என் குரலிலேயே எச்சரிக்கை ஒன்றைப் பதிந்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். பத்துப் பேர் பதிலுக்குக் கும்பிடுகிற கைப் படத்தை அனுப்பினார்கள். ஒருவரும் அதை மற்றவருக்கு அனுப்பியதாகத் தெரியவில்லை. கெட்டிக்காரி கதையைத்தான் சனம் அனுப்பும்.

போன மாதம் நெடுந்தீவிலிருந்து ஒருவர் வந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும், கடற்தொழில். காலைப் படகில் வந்து, பஸ் மாறி, விசாரித்து வந்திருந்தார். மனைவிக்கு நெஞ்சு வருத்தம், மச்சான் கனடாவிலிருந்து மெசின் அனுப்பியிருக்கிறார் என்றார். 

"உங்கடை வீடியோவைப் பாத்து நானே சுத்தினனான் அக்கா. முதல் தரமே ஓடிச்சுது. பேந்து அது கத்தத் தொடங்க, நீங்கள் காட்டின வயரை வெட்டிப்போட்டன். இப்ப ஒரு மஞ்சள் லைற் நிண்டெரியுது. அதை எப்பிடி நிப்பாட்டுறது எண்டு கேக்கத்தான் வந்தனான்."

"எப்ப தொடக்கம் எரியுது?"

"ரெண்டு மாதம் இருக்கும்."

"தம்பி, அந்த மெசினை நம்பாதையும். அதாலை ஒக்சிசன் காணாது. என்ரை அக்கா அதிலை இருந்துதான் செத்தவ. நான்தான் பிழை விட்டனான்."

அவர் என்னை ஒருவிதமாகப் பார்த்தார். "வீடியோவிலை அவ நல்லாத்தானே இருந்தவ?" என்றார்.

"உம்மடை மனுசி இப்ப எப்பிடி இருக்கிறா?"

"முந்தி இருமி இருமி ஆக்கினை. இப்ப ஒரு கிழமையா ஒண்டுமில்லை. நெடுக நித்திரைதான்."

வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து மனுசியை எழுப்பச் சொல்லும் என்று கத்தினேன். என் சத்தத்தில் பயந்துபோய் எடுத்தார். மகள் பேசினாள். அம்மாவை எழுப்பு என்றார். அந்தப் பிள்ளை அம்மா, அம்மா என்று கூப்பிடுவது எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. ஆறேழு தரம் கூப்பிட்டாள். பிறகு தூரத்தில், ம் என்று ஒரு சத்தம் வந்தது.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியளே அக்கா, எழும்பிட்டா" என்று சிரித்தார்.

இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோம், பிள்ளையை இப்போதே அம்புலன்சுக்கு அறிவிக்கச் சொல்லும் என்றேன். அறுபது, ஐம்பது எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். என் அக்காவின் நகத்தைப் பற்றியும் சொன்னேன். ஓம் ஓம் என்று கேட்டார். மறுத்து ஒரு சொல்லும் பேசவில்லை. பின்னேரப் படகுக்கு நேரமாகிறது என்று எழும்பினார். படலை வரை போனவர் நின்று திரும்பி, "அப்ப அந்த மஞ்சளுக்கு வேறை ஆரையும் கேட்டுப் பாக்கட்டே அக்கா?" என்று மரியாதையாகக் கேட்டார்.